லேப்டாப் பேட்டரியும் சித்திரை வெயிலும்

நேயர்களுக்கு வணக்கம். மன்னார்குடியில் 16 வருடமாக லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பேட்டரி பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன். வாரத்துக்கு நாலு பேரிடமாவது இதைத்தான் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு எல்லோரிடமும் ஒரே தடவையில் சொல்லிவிடலாம்.

போன வைகாசியில் கோட்டூர்ப் பக்கத்திலிருந்து கல்லூரியில் படிக்கும் பெண் ஒருவர் வந்தார். "அண்ணே, டச்பேடு அமுக்கினா அமுங்கவே மாட்டேங்குது" என்றார். விரலால் தடவிப் பார்த்தேன். டச்பேடின் ஒரு ஓரம் நகக்கனத்துக்கு மேலே எழும்பியிருந்தது. லேப்டாப்பைக் கவிழ்த்து அடிமூடியின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசித் திருகு விட்டதும் மூடி தானாகவே எகிறியது. உள்ளே, தட்டையாக இருக்க வேண்டிய கருப்புப் பேட்டரி தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. நகப்பூச்சு மாதிரி லேசான இனிப்பு வாடை வேறு. அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "நான் பேட்டரில ஓட்டுனதே இல்லண்ணே. வாங்குன நாள்லேருந்து சார்ஜர்லயேதான் கெடக்கு. அப்புறம் எப்படிண்ணே கெட்டுப்போச்சு?" என்றார்.

கெட்டதற்குக் காரணமே அதுதான். சார்ஜரிலேயே கிடந்தது, அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில்.

இன்றைய லேப்டாப் எல்லாவற்றிலும் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991ல் சோனி நிறுவனம் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கியதற்காக 2019ல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்ற மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பேட்டரிக்குள்ளே ஒரு பக்கம் கிராஃபைட், இன்னொரு பக்கம் உலோக ஆக்சைடு, நடுவில் ஒரு திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் போய் உட்காரும். நாம் லேப்டாப்பை ஓட்டும்போது பழைய பக்கத்துக்கே திரும்பி வரும். இப்படி அமைந்த ஒரு அறைக்கு செல் என்று பெயர், பேட்டரி என்பது அப்படிச் சில செல்கள் சேர்ந்தது. ஒரு செல் முழுதாக ஏறினால் சாதாரணமாக 4.2 வோல்ட். அந்த உச்சத்தில் நிற்கும்போது உள்ளே இருக்கும் பொருள்களுக்குச் சிரமம் அதிகம். திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். கிராஃபைட்டின் மேல் ஒரு படலம் தடித்துக்கொண்டே போய் லித்தியத்தைத் தின்னும், வாயுவும் சேரும். பேட்டரி உப்புவது அந்த வாயுவால்தான்.

வரப்பு முட்டத் தண்ணீர் கட்டிய வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள், இரண்டு நாள் நிற்கலாம். மாதக்கணக்கில் அப்படியே நின்றால் வரப்பு கரையும்.

இதோடு வெயிலும் சேர்ந்தால் சிதைவு பல மடங்கு வேகமாகும். 25 டிகிரியில், 40 சதவீதச் சார்ஜில், ஒரு வருடம் சும்மா வைத்த பேட்டரி தன் கொள்ளளவில் சுமார் 4 சதவீதம்தான் இழக்கும். அதே பேட்டரியை 40 டிகிரியில் முழுச் சார்ஜில் வைத்தால் இழப்பு சுமார் 35 சதவீதம். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுக்குள் பகல் இரண்டு மணிக்கு 40 டிகிரி என்பது நமக்குப் புதிதா?

ஆகவே நான் முதலில் சொல்வது, 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலான புது லேப்டாப்பில் இதற்கு வசதி இருக்கிறது. லெனோவோவில் கன்சர்வேஷன் மோடு என்று இருக்கும். ஆசுஸ், டெல், ஹெச்பி மாடல்கள் பலவற்றிலும் வேறு பெயரில் இருக்கும். அந்தந்த நிறுவனத்தின் செயலியிலோ, லேப்டாப் கிளம்பும்போதே திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரையிலோ தேடினால் கிடைக்கும். ஒரு முறை போட்டுவிட்டால் போதும், அப்புறம் சார்ஜர் நாள் முழுக்கச் செருகியே இருந்தாலும் பயமில்லை. வசதி இல்லாத பழைய லேப்டாப் என்றால் 80 வந்ததும் சார்ஜரைக் கழற்றுங்கள், 30க்கு வந்ததும் செருகுங்கள். கணக்குப் பிசகினால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஜீரோ வரை ஓடவிட்டு அப்புறம் சார்ஜ் போட்டால்தான் நல்லது என்று இன்னமும் சொல்கிறார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது. லித்தியத்துக்கு அது கெடுதல். பொதுவாக ஒரு லேப்டாப் பேட்டரி 300 முதல் 500 முழுச் சுற்று வரை நன்றாக உழைக்கும். பாதி பாதியாக இரண்டு தடவை ஏற்றினால் ஒரு சுற்று என்றுதான் கணக்கு, ஆகவே அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதால் நஷ்டமில்லை.

சூட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம் பக்கத்தில் அதுதான் பெரிய எதிரி. மெத்தைமேல் லேப்டாப்பை வைத்துப் படம் பார்க்காதீர்கள். காற்று இழுக்கும் துளை அடியில்தான் இருக்கிறது, மெத்தை அதை அடைத்துவிடும். வீட்டில் ஒரு மணைப்பலகை இருந்தால் அதன்மேல் வையுங்கள், அதற்கு மேல் விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் களத்துக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் லேப்டாப்பைத் திறந்தால் விசிறிக்குள் நெல்லுச் சுணை பஞ்சு மாதிரி அடைந்திருக்கும். வருடத்துக்கு ஒரு முறை அதை எடுத்துவிட்டாலே உள்சூடு நன்றாகக் குறையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குள் போகாதீர்கள். ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். கூடவே கூடாது ஐயா, வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோக்கும்.

சிங்கப்பூருக்கு, துபாய்க்கு வேலைக்குப் போகிறவர்கள் லேப்டாப்பைப் பீரோவில் பூட்டிவிட்டுப் போவதுண்டு. தீர்ந்துபோன பேட்டரியோடு வைத்தால் சில மாதங்களில் அது எழுந்திருக்காமலே போகலாம். பாதிச் சார்ஜ் ஏற்றி, முழுதாக அணைத்து, வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டில் யாராவது பார்த்து மறுபடி பாதிக்கு ஏற்றட்டும்.

லோ வோல்டேஜ் பேட்டரியைக் கெடுக்குமா என்று கேட்பீர்கள். அடாப்டரின் முதுகைப் பாருங்கள், 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கும். அது சமாளித்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் இடி இடித்தால் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

உங்கள் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற, கட்டளை அடிக்கும் திரையைத் திறந்து பி-ஓ-டபிள்யூ-இ-ஆர்-சி-எஃப்-ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடித்தால் ஒரு அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி என்பது பிறந்தபோது இருந்த தெம்பு, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இப்போது இருக்கும் தெம்பு. இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்கு வந்துவிட்டால் மாற்ற யோசிக்கலாம். உப்பிவிட்டால் யோசனையே வேண்டாம். உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை விட முயலாதீர்கள், தீப்பிடிக்கும். குப்பைத்தொட்டியிலும் போடக்கூடாது. 2022ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு.

நான் இதையெல்லாம் வற்புறுத்திச் சொல்வதற்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. எங்கள் தெருவில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. தம்பி சிங்கப்பூரில். அம்மா உயிரோடு இருக்கிறார் என்று அவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், என் போனில் 3 சதவீதம். லேப்டாப்பைத் திறந்தேன், 100 என்று காட்டியது. போனைச் செருகி 12 நிமிடத்தில் லேப்டாப் அணைந்துவிட்டது. இரண்டு வருடம் கடையில் சார்ஜரிலேயே கிடந்த லேப்டாப் அது. தம்பிக்குத் தகவல் போய்ச் சேர மூன்று நாள் ஆனது.

ஆகவே புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் அந்த 80ஐ எடுத்துவிட்டு 100 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதை வாட்-மணி என்று அளப்பார்கள். நல்ல நிலையில் இருக்கும் லேப்டாப் பேட்டரி சாதாரணமாக 40, 50 வாட்-மணி பிடிக்கும். ஒரு போனுக்குச் சுமார் 15 வாட்-மணி. சேதாரம் போக இரண்டு தடவை போனை நிரப்பலாம். ஏற்றும் நேரம் மட்டும் லேப்டாப்பைத் திறந்து, திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, வைஃபையை அணைத்து வையுங்கள், திரைதான் அதிகம் குடிக்கும். ஏறியதும் முழுதாக அணைத்துவிடுங்கள். டவர் கிடைக்காத நேரத்தில் போனை ஃப்ளைட் மோடில் போட்டு, காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். கரண்ட் வந்ததும் மறக்காமல் 80க்குத் திருப்பிவிடுங்கள். வணக்கம்.