கடைசி வரியிலிருந்து படியுங்கள்

மும்பை நேயர்களுக்கு வணக்கம். வங்கியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மோசடி மின்னஞ்சலுக்கெல்லாம் இவர் மசியமாட்டார் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு ஜூலை மாதத்து மாலை வரை.

சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்திலிருந்து மாட்டுங்காவுக்கு, எல்லா நிலையத்திலும் நிற்கிற ஸ்லோ வண்டியில் வந்துகொண்டிருந்தேன். பைகுல்லா தாண்டியதும் கைபேசியில் ஓர் அஞ்சல். வருமான வரி ரீஃபண்ட் 18,420 ரூபாய் தயாராக இருக்கிறதாம். இன்றிரவுக்குள் உறுதி செய்யாவிட்டால் ரத்தாகிவிடுமாம். அந்த வாரம்தான் கணக்குத் தாக்கல் செய்திருந்தேன். இந்த ஆட்களுக்குப் பஞ்சாங்கம் அத்துபடி என்பதை நினைவில் வையுங்கள். சுட்டியைத் தட்டினேன். அசோகச் சின்னத்தோடு ஒரு பக்கம் திறந்தது. கர்ரி ரோடு வருவதற்குள் டெபிட் கார்டு எண்ணைத் தட்டிவிட்டேன். பரேலில் காலாவதித் தேதி. அட்டையின் பின்பக்கத்து மூன்று இலக்கத்தைப் பார்க்கப் பணப்பையை எடுக்கும்போது தாதர் வந்துவிட்டது. தாதரில் யாரும் இறங்குவதில்லை, இறக்கப்படுகிறோம், உங்களுக்குத் தெரியாததா? கூட்டம் என்னைத் தூக்கி நடைமேடையில் வைத்தது. கைபேசி ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம். நாற்பது வருடமாக நான் திட்டிய அந்தக் கூட்டம்தான் அன்று என் பணத்தைக் காப்பாற்றியது.

நடைமேடையில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் புத்தி வந்தது. எனக்குப் பணம் தருகிறவருக்கு என் கார்டின் இரகசிய எண் எதற்கு? ரீஃபண்ட் நேரே வங்கிக் கணக்குக்கு வரும். பின் நம்பர், கடவுச்சொல், கார்டு விவரம் எதையும் வருமான வரித் துறை மின்னஞ்சலில் கேட்பதில்லை.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஆர்.எம்.எஸ். என்கிற ரயில் அஞ்சல் பிரிவில் ஸார்ட்டர், அதாவது கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்பவர். ஓடுகிற வண்டியில் நின்றபடி, எதிரே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள், கையில் கடிதக் கட்டு. பார்ப்பார், போடுவார், பார்ப்பார், போடுவார். பெறுநர் பெயரை அவர் படித்ததே கிடையாது. "பேர் கடைசித் தபால்காரனுக்கு. எனக்குக் கடைசி வரி போதும்" என்பார். 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தபோது வீட்டில் பாயசம் வைக்காத குறை. மாட்டுங்கா 400019 என்று எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார். விஷயத்தைவிட்டு விலகிவிட்டேன் என்று அறிவிப்பாளர் பார்க்கிறார். விலகவில்லை ஐயா.

இணைய முகவரியையும் ஸார்ட்டர் படிக்கிற மாதிரிதான் படிக்க வேண்டும். தொடக்கத்தில் வருகிற இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதன் பிறகு முதல் சாய்கோடு எங்கே வருகிறதோ அங்கே நிறுத்திக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். வருமான வரித் துறையின் முகவரி இன்கம்டேக்ஸ் புள்ளி கவ் புள்ளி இன். அதோடு முடிந்துவிடும். எனக்கு வந்ததிலும் இன்கம்டேக்ஸ் புள்ளி கவ் புள்ளி இன் இருந்தது. ஆனால் அதன்பின் இன்னொரு புள்ளி, வாயில் நுழையாத ஒரு பெயர், புள்ளி காம். இடமிருந்து படிக்கப் பழகிய கண் முதல் பாதியிலேயே திருப்திப்பட்டுவிடுகிறது. இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க் புள்ளி இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அங்கேயும் அதே கதைதான்: முடிய வேண்டும், நடுவில் இருந்தால் போதாது. இன்னொரு தந்திரம், ஆங்கிலத்தில் ஆர், என் என்ற இரண்டு எழுத்தையும் ஒட்டிவைத்து எம் போலக் காட்டுவது. என் மூக்குக்கண்ணாடிக்கு அது தெரியவே தெரியாது.

அனுப்புநர் பெயரைப் பார்த்து நம்பலாமா? உறையின் பின்பக்கம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். அப்பா நம்பியது முத்திரையை மட்டும்தான், ஏனென்றால் அதை அஞ்சலகம் குத்துகிறது. மின்னஞ்சலுக்கும் அப்படி முத்திரைகள் உண்டு. எந்தெந்தக் கணினி வழியாக வந்தது, எப்போது வந்தது என்ற குறிப்பு கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் மோசடி அஞ்சலை ஆத்திரத்தில் அழிக்காதீர்கள் என்கிறேன். வெறுமனே ஃபார்வர்டு செய்தால், கடிதத்தை வேறு தாளில் நகலெடுத்துவிட்டு உறையைக் கிழித்துப்போட்டதற்குச் சமம். கணினியில் ஜிமெயிலைத் திறந்தால், அஞ்சலின் வலது மேல் மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். ‘ஃபிஷிங்’, அதாவது தூண்டில் போடும் மோசடி, என்று புகார் செய்யும் வழி அங்கேயே உண்டு. அஞ்சலை அப்படியே பதிவிறக்கி, இணைப்பாக, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசின் செர்ட்-இன் அமைப்புக்கும் அனுப்பலாம்: இன்சிடென்ட் அட் செர்ட் ஹைஃபன் இன் புள்ளி ஓஆர்ஜி புள்ளி இன்.

இவ்வளவும் இப்போது சொல்கிறேன். அன்று நான் செய்தது என்ன? கார்டை முடக்கினேன், அஞ்சலை அழித்தேன், யாரிடமும் மூச்சு விடவில்லை. வங்கிக்காரன் ஏமாறப் பார்த்தான் என்று ஊர் சிரிக்குமே! பதினைந்து நாள் கழித்து, ஃபைவ் கார்டன்ஸில் காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து, கைபேசியை என்னிடம் நீட்டினார். அதே அஞ்சல், அதே அசோகச் சின்னம். தொகை மட்டும் வேறு. 42,000 ரூபாய் போயிருந்தது. போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான் என்று அவரும் வாய் திறக்கவில்லை. நான் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவரிடம் இதை நான் இன்றுவரை சொன்னதில்லை, வானொலியில் சொல்கிறேன்.

பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். 1930. திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். வங்கிகள் அதை வழியில் மறிக்க வேண்டுமானால் நிமிடங்கள்தான் கணக்கு. சைபர்கிரைம் புள்ளி கவ் புள்ளி இன் தளத்திலும் பதியலாம். உங்கள் வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதிப்படி, உங்கள் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. ஐந்து நாள் மௌனத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கியூஆர் கோடு ஒட்டி வரும் அஞ்சல்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் ஒரு நிமிடம்தான் என்று ஒரு விரலைக் காட்டிவிட்டார்கள். ஒரே வரி: பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், யூபிஐ பின் போடவும் வேண்டாம். எண்ணை மட்டும் இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன், ஒன்று, ஒன்பது, மூன்று, சைபர். வணக்கம்.