கொன்சோ: கல்லடுக்கி மண் காத்த மலை

[காட்சி: செங்குத்தான மலைச்சரிவு. அடிவாரம் வரை படிப்படியாகக் கற்சுவர்கள்.]

தெற்கு எத்தியோப்பியாவில் இருக்கிறது கொன்சோ. மழை அடிக்கடி பொய்க்கும் ஊர். பெய்தாலோ கொட்டித் தீர்க்கும். வெறும் சரிவாக இருந்தால், ஒரே மழையில் மேல்மண் முழுக்கப் பள்ளத்துக்குப் போய்விடும். நிலமெங்கும் கல் வேறு. கொன்சோ உழவர்கள் அந்தக் கல்லையே கையில் எடுத்தார்கள்.

[காட்சி: சுவர் மிக அருகில். கல் இடுக்கிலிருந்து நீர் கசிகிறது.]

இந்தச் சுவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. கல்மேல் கல், அவ்வளவுதான். சில இடங்களில் 5 மீட்டர் உயரம்! ஓடி வரும் தண்ணீர் சுவரில் முட்டி வேகம் குறைகிறது. அடித்து வந்த மண் அங்கேயே படிகிறது, ஈரம் மண்ணுக்குள் இறங்குகிறது. மிஞ்சிய நீர் கல் இடுக்கு வழியாக அடுத்த படிக்குப் போகிறது. பூசி மெழுகியிருந்தால் தேங்கிய நீரே சுவரைத் தள்ளிவிடும். இடுக்கு விட்டுக் கட்டியதில்தான் எனக்கு இவர்கள் கைத்திறன் தெரிகிறது.

கட்டிவிட்டால் மட்டும் போதாது. மழைக்குச் சரியும், மாடு மிதித்தால் சரியும். அதனால் மாடுகளைக் கட்டிப்போட்டுத் தீனி கொடுக்கிறார்கள். சாணம் வயலுக்கு எருவாகிறது. சரிந்த இடங்களை ஊரார் கூடி எடுத்துக் கட்டுகிறார்கள்.

[காட்சி: ஊர் மன்றில் நிற்கும் உயரமான மரக்கம்பங்கள்.]

தலைமுறை மாறும்போது இங்கே ஒரு கம்பம் நடுவது வழக்கம். கம்பங்களை எண்ணினால் ஊரின் வயது தெரியும். 21 தலைமுறை, அதாவது 400 ஆண்டுகளுக்கு மேல் இந்த வாழ்க்கை தொடர்கிறது. 2011இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

[காட்சி: சோளக் கதிர்களுக்கு நடுவே ஒரு மரம்.]

சரி, படிகளில் என்ன விளைகிறது? முக்கியமாகச் சோளம். மக்காச்சோளம் இல்லை, நம் வெள்ளைச்சோளத்தின் இனம். கூடவே பயறு, பருத்தி. நடுவில் நிற்கும் இந்த மரத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். முருங்கை! நம் வீட்டு முருங்கைக்கு நெருங்கிய உறவு, ஆனால் வேறு இனம். அடிமரம் நன்றாகப் பருத்திருக்கும். வறட்சியிலும் இலை தருவதால், சோளம் ஏமாற்றும் காலத்தில் வீட்டுக்குக் கைகொடுப்பது இதுதான்.

[காட்சி: அடுப்பில் பானை. ஆவி பறக்கிறது.]

சோள மாவை உருட்டி, இந்தக் கீரையோடு வேகவைக்கிறார்கள். குர்குஃபா என்று பெயர். கொன்சோ வீடுகளில் அன்றாடச் சாப்பாடு இது.