பாத்திரம் அறிந்து நடுவோம்

(ஆஸ்டின் நகரில் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அழைத்தவுடன் இசைந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரப் பூங்காத்துறை அதிகாரி அவர்களே, பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் தமிழ்ப்பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாக விதைப் பொட்டலம் தந்து சிறப்பித்த செயலாளர் அவர்களே, டெக்சாஸ் வாழ் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம்.

மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் வலசை பற்றி மூன்று செய்திகள்: அது போகும் இடம், வழியறியும் விதம், நாம் செய்ய வேண்டியது.

கனடாவின் தென்பகுதியிலிருந்து புறப்படுபவை அக்டோபரில் நம் ஊரைக் கடந்து, நவம்பர் தொடக்கத்தில் மெக்சிகோவின் மிச்சோவாகான் மலைகளில் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் ஓயமெல் என்னும் ஊசியிலை மரங்களில் அடைகின்றன. அறிவியல் உலகம் அந்த இடத்தை அறிந்தது 1975-இல்தான். டொரோண்டோவின் ஃபிரெட் உர்குவார்ட்டும் அவர் மனைவி நோராவும் பல பத்தாண்டுகளாக இறக்கையில் சீட்டு ஒட்டிப் பறக்கவிட்டார்கள். தன்னார்வலர்கள் ஊர் ஊராகச் சேர்ந்தார்கள். அவர்களுள் கென் பிரக்கரும் கத்தலீனா அகுவாதோவும் மலையேறி அந்தக் காட்டைக் கண்டார்கள். மறு ஆண்டு ஜனவரியில் உர்குவார்ட்டே ஏறினார். அறுபதைத் தாண்டிய வயது. மூச்சு வாங்குகிறது, உட்காருகிறார். எதிரே ஒரு பைன் கிளை பூச்சிகளின் பாரம் தாங்காமல் முறிந்து விழுகிறது! ஒரு பூச்சியின் எடை அரை கிராம்தான், ஐயா! விழுந்த குவியலில் ஒன்றின் இறக்கையில் வெள்ளைச் சீட்டு! முந்தைய ஆகஸ்டில் மின்னசோட்டாவின் சாஸ்கா ஊரில் ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் ஒட்டியது. பிள்ளைகளே, கேட்டீர்களா? மாணவர்கள்!

சூரியனைப் பார்த்துத் திசை பிடிக்கின்றன. அதற்கான கடிகாரம் உணர்கொம்பில் இருக்கிறது. அதை விரித்துரைக்காமல் தோட்டத்துக்கு வருகிறேன், அவசரம் அங்கேதான். 1996–97 குளிர்காலத்தில் மெக்சிகோவில் 18 ஹெக்டேர் காட்டை நிறைத்தவை, 2023–24-இல் 0.9 ஹெக்டேரில் அடங்கிவிட்டன. புழுவுக்கு மில்க்வீட் தவிர வேறு உணவில்லை. நம் எருக்கின் குடும்பம் அது. மக்காச்சோள, சோயா வயல்களில் களைக்கொல்லி அதைத் துடைத்தெடுத்தது.

‘பாத்திரம் அறிந்து பிச்சை இடு’ என்றார்கள் பெரியவர்கள். அன்போடு நாம் நடுவது எது? நர்சரியில் எளிதாகக் கிடைக்கும், சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெப்பமண்டல மில்க்வீட். உறைபனி கடுமையாக இல்லாத ஆண்டில் அது பட்டுப்போவதில்லை. ஓஈ என்ற ஒட்டுண்ணியின் வித்துகள் இலையில் தங்குகின்றன, புழு தின்கிறது, கூட்டுப்புழுவிலிருந்து சுருங்கிய இறக்கையோடு வெளிவருகிறது, அல்லது வெளிவர முடியாமலே சாகிறது. மண்ணின் மில்க்வீட் குளிரில் மடியும்போது அந்த வித்துகளும் ஒழியும்.

ஆகவே வெப்பமண்டல மில்க்வீட்டைப் பிடுங்கிவிடுங்கள். மனம் வராதவர்கள் அக்டோபரில் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். துளிர்க்கத் துளிர்க்கப் பிப்ரவரி வரை வெட்டுங்கள். கையுறை கட்டாயம், பால் கண்ணில் பட்டால் ஆபத்து. புதிதாக நட ‘ஆன்டிலோப் ஹார்ன்ஸ்’ என்ற இம்மண்ணின் மில்க்வீட் விதையை அக்டோபர், நவம்பரில் வெயில் விழும் இடத்தில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். குளிர் பட்டால்தான் நன்றாக முளைக்கும். வசந்தத்தில் விதைப்பவர்கள் ஈரமணலோடு பையிலிட்டு 30 நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆணிவேர்ச் செடி, இடம் மாற்றினால் தாங்காது. வடிகால் இல்லாவிட்டால் வேர் அழுகும். செடியாக வாங்கினால் பூச்சிமருந்து ஏற்றியதா என்று கேளுங்கள்; ஏற்றிய இலையைத் தின்ற புழு செத்துவிடும்.

இலையுதிர்காலத்தில் வருபவை தேனுக்காக வருகின்றன. அங்கும் பாத்திரம் அறிந்து பிச்சை இடுங்கள்: ஃப்ராஸ்ட்வீட், மிஸ்ட்ஃப்ளவர் நடுங்கள்.

அதிகாரி அவர்களே, தங்களிடம் இரண்டு வேண்டுகோள். பூங்காக்களில் வெப்பமண்டல மில்க்வீட் வேண்டாம். மார்ச் கடைசியில் மெக்சிகோவிலிருந்து திரும்பும் பெண்பூச்சிகள் முட்டையிடுவது நம் பூங்காப் புல்வெளிகளிலும்தான். மே முடியும்வரை அங்கே புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்தி வையுங்கள்.