போர் இல்லாத நாளில் ரோமானியச் சிப்பாய் என்ன செய்தான்?

அடுத்த கேள்வி. "ரோமானியச் சிப்பாய்கள் வருடம் முழுக்கவா சண்டை போட்டார்கள்? மற்ற நாட்களில் என்ன செய்வார்கள்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று நெடுநாளாக எனக்கு ஒரு ஆசை.

நான் திரும்பத் திரும்பச் சொல்வதுதான், பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிப்பாய் வாழ்க்கையில் சண்டை என்பது சில நாட்கள், மீதி எல்லாம் வேலை. வட இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்று ஒரு ரோமானியக் கோட்டை. ரோமானியர் எல்லையில் கட்டிய ஹேட்ரியன் சுவர் எழும்புவதற்கு முன்பே அங்கே படை இருந்தது. அந்தப் படையின் ஆள்கணக்கு ஒன்று, கி.பி. 90களைச் சேர்ந்தது, கிடைத்திருக்கிறது. இன்றைய பெல்ஜியம் பக்கத்திலிருந்து வந்த துங்கிரியர் படைப்பிரிவு. பட்டியலில் 752 பேர். கோட்டையில் இருப்பவர்கள் எத்தனை பேர்? 296! மற்ற 456 பேரும் வெளியூர் வேலையில். 46 பேர் ஆளுநருக்குக் காவல், பெரும்பகுதி பக்கத்துக் கோரியா கோட்டையில்.

சரி, அந்த 296 பேராவது தயாரா? 31 பேர் படுக்கை. நோயாளிகள் 15, கண் வீங்கியவர்கள் 10, காயம்பட்டவர்கள் வெறும் 6. வாளைவிடக் கண்நோய் அதிகம் பேரைச் சாய்த்திருக்கிறது, பாருங்கள். இன்னொரு நாள் கணக்கில் 343 பேர் பட்டறை வேலையில் இருக்கிறார்கள். 12 பேர் செருப்புத் தைக்கிறார்கள், 18 பேர் குளியல்கூடம் கட்டுகிறார்கள். நான் சொன்னது இதைத்தான்.

அப்புறம் மாஸ்க்ளஸ் என்று ஒரு குதிரைப்படை அதிகாரி. மேலதிகாரி செரியாலிஸுக்குக் கடிதம் எழுதுகிறார். நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று பணிவாகக் கேட்டுவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வருகிறார்: பையன்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். வேறொரு கடிதத்தில் யாருக்கோ காலுறையும் இரண்டு ஜோடி உள்ளாடையும் போகின்றன. அந்த ஊர்க் குளிருக்கு வேண்டியதுதானே!

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: இவ்வளவு அற்பமான கணக்கு 1,900 வருடம் எப்படித் தாங்கியது? இவை கல்வெட்டுகள் அல்ல. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள மரச் சீவல்கள், மேலே கரி மையால் எழுத்து. கோட்டையை இடித்து இடித்து, களிமண் போட்டு மூடி, மேலேயே புதிதாகக் கட்டினார்கள். அடியில் ஈரம் நின்றது, காற்று போகவில்லை, அதனால் மரம் மக்கவில்லை. 1973-ல் தொல்லியலாளர் ராபின் பேர்லி தோண்டியபோது முதல் துண்டுகள் வெளிவந்தன. அதே மண்ணில்தான், இன்னொரு படை அதிகாரியின் மனைவி கிளாடியா செவெரா, செரியாலிஸின் மனைவி லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைத்த கடிதமும் கிடைத்தது. கடைசி வரிகள் செவெரா தன் கைப்பட எழுதியவை. லத்தீனில் ஒரு பெண்ணின் கையெழுத்தாக நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. அதற்குத் தனி வீடியோவே போடலாம். யாராவது கேளுங்கள், போடுகிறேன்.