அழுவதற்கும் அனுமதியா?

நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பில் சித்திரைப் புத்தாண்டுச் சத்தம் ஓய்ந்ததும் இரண்டு நினைவு நாள்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் நாள். மே 18, 2009இல் போரின் கடைசி நாள்களில் கொல்லப்பட்ட தமிழர்களை நினைக்கும் முள்ளிவாய்க்கால் நாள். இந்த நான்கு வாரச் செய்திகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரே கேள்விதான் எழுகிறது. இந்த நாட்டில் யார், யாருக்காக, எங்கே நின்று அழலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் இருப்பது கொட்டாஞ்சேனையில். எங்களுடையது சைவக் குடும்பம். ஆனாலும் செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவோம். இந்தப் பக்கத்தில் அது பெரிய விஷயமே இல்லை. பிள்ளையின் பரீட்சை, கிடைக்காத விசா, துறைமுகத்தில் போன வேலை என்று ஏதோ ஒரு கவலையோடு சைவர்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் அங்கே வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஜிந்துப்பிட்டி முருகனுக்கும் அந்தோனியாருக்கும் ஒரே காரியத்துக்காக நேர்த்தி வைப்பவர்களை எனக்குத் தெரியும்.

2019 ஏப்ரல் 21 காலையில் அந்தக் கோயிலுக்குள் குண்டு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் வெடித்தது. 260க்கும் அதிகமானோர் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறுப் பாடசாலைக்கு வந்திருந்த சின்னப் பிள்ளைகள்.

தாக்குதல் வரப்போகிறது என்று முன்கூட்டியே தகவல் வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டும் தடுக்கத் தவறினார்கள் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் பெற்றோர் கேட்பது பணம் அல்ல. இதற்குப் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்ற முழு உண்மையைக் கேட்கிறார்கள். ஒவ்வோர் ஏப்ரலிலும் பிரமுகர்கள் மலர்வளையத்தோடு வந்து, இந்தக் கோயிலுக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள், நம் ஒற்றுமைக்கு இதுவே சாட்சி என்று பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. சாதாரண சனங்கள் தங்கள் பாட்டுக்குக் கட்டிக்காத்த பழக்கம் அது. அதை எடுத்து, பதில் சொல்லாத கேள்வியின் மேல் போர்த்தக் கூடாது.

தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அந்த மே மாதத்தில் குளியாப்பிட்டியிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் உடைத்தார்கள். குண்டு வைத்தவர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மனிதர்கள் அவர்கள்.

அப்புறம் கொவிட் வந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் வேகமாக மறந்துவிட்டோம். 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவித்தல், கொவிட்டால் இறந்த எவரையும் எரித்தே ஆக வேண்டும் என்றது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தது. கேட்கவில்லை. இஸ்லாத்தில் ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்டி, கபன் என்ற வெள்ளைத் துணியால் போர்த்தி, தொழுகை நடத்தி மண்ணில் அடக்குவது உயிரோடிருப்பவர்கள் மேலுள்ள கடமை. அதைச் செய்ய விடவில்லை. வழக்குப் போட்டார்கள். டிசம்பர் 1ஆம் தேதி உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளிவிட்டது. அதே மாதம், பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தையைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பொரளையில் எரித்தார்கள்.

அந்தச் செய்தி கேட்ட நாளில் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நாங்கள் எங்கள் இறந்தவர்களை எரிப்பவர்கள்தான். எரிப்பதில் எங்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டுப் பிணத்தை எங்களிடம் கேட்காமல் ஒருவர் எடுத்துப்போய் இன்னொரு முறையில் முடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தோம்.

கொழும்பு சும்மா இருக்கவில்லை. அந்தப் பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியில், கபனின் அடையாளமாக, வெள்ளைத் துணிகளைக் கட்டத் தொடங்கினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, சிங்களவர்களும் தமிழர்களும், பாதிரியார்களும் வந்து கட்டினார்கள். யாரோ துணிகளை அவிழ்த்தெடுத்தார்கள். இவர்கள் மறுபடியும் கட்டினார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. அதுவும் எங்கே? கிழக்கே ஓட்டமாவடியில். கொழும்பில் செத்தவருக்காகப் பிள்ளைகள் நாட்டைக் குறுக்கே கடந்து போய் மண் போட வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. சரி, கேட்டது நல்லது. ஆனால் அந்த முடிவுகளை எடுத்தவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

2022இல் கொழும்பு காலிமுகத்திடலில் ஜனாதிபதியைப் பதவி விலகச் சொல்லி அரகலய என்ற மக்கள் போராட்டம் நடந்த நாள்களில் நோன்பு மாதமும் வந்தது. கூடாரங்களுக்கு நடுவில் பாய் விரித்து நோன்பு திறந்தார்கள், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கஞ்சி கிடைத்தது. மே 9 அன்று ஆளும் தரப்பின் ஆட்கள் அந்த இடத்தைத் தாக்கி, கூடாரங்களைக் கிழித்தார்கள். ஒன்பது நாள் கழித்து, அதே திடலில், ஜனாதிபதி செயலகத்துக்கு முன்னால், முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றினார்கள். உப்புக் கஞ்சி கொடுத்தார்கள். 2009இல் ஷெல் மழைக்குள் மிஞ்சியிருந்த அரிசியில் காய்ச்சிய கஞ்சியின் நினைவு அது. பௌத்த பிக்குகளும் அங்கே நின்றார்கள். தலைநகரின் நடுவில், இவ்வளவு வெளிச்சத்தில், எங்களுக்காக அழ முடியும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

அப்படியே மாறிவிட்டது என்றுதான் நம்பினேன். ஆனால் 2024 மே மாதம் திருகோணமலை சம்பூரில் அதே கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்களைப் பொலிஸ் கைது செய்தது. சுகாதாரக் காரணம் என்றார்கள். 2020இல் ஜனாஸாக்களை எரித்தபோது சொன்னதும் சுகாதாரக் காரணம்தான்.

எனக்கு இன்றைய அரசாங்கத்திடம் ஒரு கோரிக்கை உண்டு, எந்தக் கட்சி ஆண்டாலும் இதையேதான் கேட்பேன். இறந்தவர்களை நினைப்பதற்கு எதிராகத் தடை உத்தரவு கேட்டு நீதிமன்றப் படி ஏறாதீர்கள் என்று பொலிஸுக்குச் சொல்லுங்கள். அன்று காலிமுகத்திடலில் கஞ்சி வாங்கிக் குடித்த தம்பி தங்கைகளிடமும் ஒன்று கேட்கிறேன். உங்களில் பலருக்குத் தமிழ் தெரியாது, பரவாயில்லை, இதைக் கேட்பவர்கள் உங்கள் சிங்கள நண்பர்களுக்குச் சொல்லுங்கள்: அடுத்த மே 18இல் சம்பூருக்கோ மட்டக்களப்புக்கோ போகும் பஸ்ஸில் ஏறி வாருங்கள். பானைக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

நன்றி, வணக்கம்.