யூரின் கல்ச்சர்ல கிருமி வந்தா மருந்து வேணுமா?

(திரை: கட்டில் சட்டத்துல தொங்கற யூரின் பை, பாதி நிறைஞ்சிருக்கு)

மயூர் விஹார்ல ஒரு வீடு. தாத்தாவை ஆஸ்பத்திரியிலிருந்து கதீட்டரோட, அதாவது சிறுநீர்ப்பையில செருகின குழாயோட, அனுப்பி மூணு வாரம் ஆச்சு. சிறுநீர் கலங்கலா இருக்கு, வாடை அடிக்குது. காய்ச்சல் இல்லை, வழக்கம்போல தயிர்சாதம் சாப்பிடறார். பேரன் பையைத் திறந்து கொஞ்சம் பிடிச்சு கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து எது, எவ்வளவுன்னு பாக்கற டெஸ்டுக்கு, லேப்ல குடுக்கறான். ரெண்டு நாள்ல ரிப்போர்ட்: க்ளெப்சியெல்லாங்கற பாக்டீரியா, மில்லிக்கு 1 லட்சத்துக்கு மேல. சாயங்காலமே ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சாச்சு.

அந்த சாம்பிளை எடுத்திருக்கவே வேண்டாம்.

(திரை: குழாயின் குறுக்குவெட்டு, உள்சுவர்ல படலம்)

கழுவாத தண்ணி டிரம்முக்குள்ள கை விட்டா சுவர் வழவழன்னு தட்டுமே, கதீட்டருக்குள்ளயும் அதே மாதிரி ஒரு படலம் பிடிக்கும். பேரு பயோஃபிலிம். கதீட்டர் இருக்கற ஒவ்வொரு நாளும் 3லேர்ந்து 7 சதவீதம் பேருக்குச் சிறுநீர்ல புதுசா பாக்டீரியா சேருது. ஒரு மாசத்துல கிட்டத்தட்ட எல்லாருக்கும் வந்துடும். கிருமி குடியிருக்கறது ஒண்ணு, அது நோயாறது வேற. 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்கம் வலி, திடீர்க் குழப்பம், பிரஷர் இறங்கறது, இதெல்லாம் வந்தா நோய்னு சந்தேகிக்கணும், காத்திருக்காம டாக்டர்கிட்ட போகணும். வெறும் வாடைக்கும் கலங்கலுக்கும் கல்ச்சர் தேவையில்லை. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில ஆபரேஷனுக்குப் போறவங்களும் மட்டும் விதிவிலக்கு.

க்ளெப்சியெல்லா நம்ம குடல்ல சாதாரணமா இருக்கறதுதான். சூடோமோனாஸுக்கு சிங்க்கும் ஈரமும் பிடிக்கும். அசினெட்டோபாக்டர் காய்ஞ்ச கட்டில் கம்பியில வாரக்கணக்குல தாக்குப்பிடிக்கும். சந்தர்ப்பவாதக் கிருமிகள்னு சொல்றது இதுங்களைத்தான். திடமான உடம்புல அதுங்க பாட்டுக்கு இருக்கும். குழாய், புண், கட்டுப்படாத சர்க்கரை, கீமோ, ஏதோ ஒண்ணு கதவைத் திறந்துவிட்டா உள்ள நுழையும்.

தாத்தாவுக்குக் குடுத்த மாத்திரை என்ன பண்ணுச்சு? மிதக்கற பாக்டீரியாவைக் கொன்னுது, படலத்துக்குள்ள இருக்கறதைத் தொடக்கூட முடியலை. குடல்ல சாதுவா இருந்ததெல்லாம் செத்து, மருந்துக்கு அசையாதது மட்டும் அந்த இடத்தைப் பிடிச்சுது. மோசம் என்னன்னா, மருந்தை எதிர்க்க வைக்கற மரபணு பிளாஸ்மிட்ங்கற சின்ன டி.என்.ஏ. வளையத்துல உட்கார்ந்திருக்கும். துண்டுச் சீட்டு கைமாறற மாதிரி ஒரு இனத்துலேர்ந்து இன்னொரு இனத்துக்குப் போயிடும். என்.டி.எம்-1 அப்படிப்பட்டதுதான். 2008ல ஸ்வீடன்ல ஒரு நோயாளிகிட்ட க்ளெப்சியெல்லாவுல கண்டுபிடிச்சாங்க. அவர் அதுக்கு முன்னாடி டெல்லியில சிகிச்சை எடுத்தவர். பேர்ல இருக்கற ‘நியூ டெல்லி’ அப்படி ஒட்டிக்கிட்டது. மெரோபெனம் மாதிரி கடைசிக் கட்ட மருந்தையே வெட்டிப்போடற நொதியைத் தயாரிக்கற மரபணு அது.

(திரை: கடிகாரம், பக்கத்துல சாம்பிள் டப்பா)

அறிகுறி இருந்து கல்ச்சர் தேவைப்பட்டா, முதல் டோஸுக்கு முன்னாடியே எடுத்துடணும். பையிலிருந்து ஒருபோதும் வேண்டாம். கதீட்டர் ரெண்டு வாரத்துக்கு மேல பழசுன்னா, நர்ஸ் புதுசு போட்டு அதுலேர்ந்து எடுக்கணும். இல்லைன்னா குழாயில இருக்கற சாம்பிள் போர்ட்டுக்குக் கீழ 10, 15 நிமிஷம் கிளாம்ப் போட்டு, போர்ட்டை ஸ்பிரிட்டால துடைச்சு, அது காய்ஞ்ச பிறகு சிரிஞ்சுல எடுக்கணும். எடுத்ததும் கிளாம்ப்பைக் கழட்ட மறக்கக்கூடாது. கதீட்டர் இல்லாதவங்க கழுவிட்டு, முதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிக்கணும். 10 மில்லி போதும், டப்பா விளிம்புல கை படக்கூடாது.

2 மணி நேரத்துக்குள்ள லேபுக்குப் போகணும். மே மாச வெயில்ல டிக்கியில டப்பாவை வச்சுக்கிட்டு ரிங் ரோட்டு டிராஃபிக்ல நின்னா என்ன ஆகும்? ஏற்ற சூழல்ல ஈ.கோலைங்கற குடல் பாக்டீரியா 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். 3 மணி நேரம்னா 9 இரட்டிப்பு, 512 மடங்கு. கை பட்டு மில்லிக்கு 200 பாக்டீரியா விழுந்திருந்தாலும் 1 லட்சத்தைத் தாண்டிடும். சிறுநீர்ல வேகம் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், ஆனா ரிப்போர்ட் பொய்யாக அது போதும். உடனே போக முடியலைன்னா ரெண்டு கவர்ல கட்டி ஃபிரிட்ஜ்ல வைங்க, 24 மணி நேரம் தாங்கும். தோசை மாவுக்குப் பக்கத்துல வைக்க மனசு வராதுதான், கீழ்த்தட்டுல தனியா வைங்க.

(திரை: ரிப்போர்ட் தாள், எம்.ஐ.சி. பத்தி பெருசாகுது)

ரிப்போர்ட்ல ஒவ்வொரு மருந்துக்கும் நேரா ஒரு எழுத்து இருக்கும். எஸ்னா மருந்து கேக்கும், ஆர்னா கேக்காது. ஐ நடுவுல, டோஸைப் பொறுத்தது. பக்கத்துல இருக்கற எம்.ஐ.சி. எண், கிருமி வளர்றதை நிறுத்தத் தேவையான குறைஞ்சபட்ச மருந்து அளவு. அதை வச்சு ‘எது சின்ன எண்ணோ அதுதான் நல்ல மருந்து’ன்னு ஒப்பிடறாங்க. அது தப்பு. மருந்துக்கு மருந்து வரம்பு வேற. பல லேப் பின்பத்தற சி.எல்.எஸ்.ஐ.ங்கற அமெரிக்க லேப் தர அமைப்போட அளவுப்படி, ஈ.கோலைக்கு நைட்ரோஃபுரான்டோயின் 32 வரைக்கும் எஸ், மெரோபெனம் 4 வந்தாலே ஆர். அதனால 16னு வந்த முதல் மருந்து கேக்கும், 4னு வந்த ரெண்டாவது கேக்காது. எஸ்னு போட்டாலும் நைட்ரோஃபுரான்டோயின் சிறுநீர்ப்பைக்கு மட்டும்தான். கிட்னிக்கோ ரத்தத்துக்கோ தொற்று ஏறியிருந்தா அது போதாது.

பழைய அட்டையில மிச்சமிருக்கற மாத்திரையை எடுக்கறதுக்கு முன்னாடி, அட்டை மேல செங்குத்தா ஒரு சிவப்புக் கோடு இருக்கான்னு பாருங்க. டாக்டர் சீட்டு இல்லாம சாப்பிடக்கூடாதுங்கற அடையாளம் அது.

பை எப்பவும் இடுப்புக்குக் கீழ தொங்கணும், தரையில படக்கூடாது, மூணுல ரெண்டு பங்கு நிறையறப்போ காலி பண்ணணும். ஆனா தாத்தாவை அடுத்த தடவை கூட்டிட்டுப் போறப்போ டாக்டர்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது வேற: கதீட்டர் இன்னும் வேணுமா, வேணும்னா எந்தத் தேதியில எடுப்பீங்க? அந்தத் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டுலயே எழுதி வாங்கிடுங்க.