மேடையில் சொன்னதற்கு மேடையிலேயே பதில்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி என்று கொழும்பின் எல்லாப் பக்கமிருந்தும் வந்திருக்கும் சபை மக்களே, வணக்கம்.

சபைக்குள் தவறான போதனை வந்தால் தனியே பேசித் திருத்துவதா, வெளிப்படையாகக் கண்டிப்பதா என்பது இன்றைய தலைப்பு. வெளிப்படையாகவே கண்டிக்க வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். மத்தேயு 18ஐ எடுத்தார், ஆதிச் சபைப் பிரசங்கி அப்பொல்லோவை எடுத்தார், "அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே", அதாவது ஊழியரைக் குறை சொல்லாதே என்றார், கடைசியில் நாம் சிறுபான்மை என்று நினைவூட்டினார். எல்லாவற்றுக்கும் வருகிறேன். முதலில், எந்தப் போதனையைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். காணிக்கை கொடு, கடவுள் பல மடங்காகத் திருப்பித் தருவார் என்ற போதனைதான் அது.

2022ஆம் ஆண்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பத்தரமுல்லையில் பாஸ்போர்ட்டுக்கு விடிய விடிய வரிசை. பார்மசியில் மருந்து இல்லை. நாட்டை விட்டுப் போனால் போதும் என்று சனம் தவித்த நேரம். அந்த நேரத்தில் கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு அன்ரி, மகனின் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒரு கூட்டத்துக்குப் போனார். பாஸ்போர்ட்டை உயர்த்திப் பிடியுங்கள், விசா வருகிறது, ஆனால் விதைக்காமல், அதாவது காணிக்கை கொடுக்காமல், அறுக்க முடியாது என்றார் மேடையில் இருந்த போதகர். கையில் ஒரு கவர் வந்தது. அந்தக் கவரை நான் பார்த்திருக்கிறேன். வழுவழுப்பான தாள், மேலே "நூறு மடங்கு" என்று தங்க எழுத்து, கீழே காணிக்கைத் தொகைக்குச் சின்னச் சின்னப் பெட்டிகள்: 5,000, 10,000, 25,000 ரூபாய். பெட்டியில் சரி போட வேண்டும். பெயரும் போன் நம்பரும் எழுத வேண்டும். அன்ரி தாலிக்கொடியை அடகு வைத்துக் கடைசிப் பெட்டியில் சரி போட்டார்.

விசா வரவில்லை. போய்க் கேட்டபோது, "உங்கள் விசுவாசத்தில் எங்கேயோ குறை இருக்கிறது" என்று பதில் வந்தது.

நடுவர் அவர்களே, காசு போனதை விடக் கொடியது இதுதான். அந்த அன்ரி இன்றைக்கும் அந்தப் போதகரைக் குறை சொல்வதில்லை. தன்னைத்தான் சொல்கிறார். "நான் சரியாக நம்பவில்லை, அதனால்தான் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை" என்கிறார். தவறான போதனை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை, ஏமாந்தவரின் தலையிலேயே பழியையும் கட்டிவிடுகிறது.

சரி, அந்த "நூறு மடங்கு" எங்கிருந்து வந்தது? மாற்கு 10:30. வேதாகமத்தை வீட்டுக்குப் போய்த் திறந்து பாருங்கள். அங்கே நூறத்தனையாகப் பெறுவது யார்? இயேசுவுக்காகவும் சுவிசேஷத்துக்காகவும் வீட்டையும் உறவுகளையும் நிலத்தையும் விட்டு வந்தவர். அதே வசனத்தின் நடுவில் "துன்பங்களோடேகூட" என்றும் இருக்கிறது. கவரில் அது அச்சாகவில்லை. மருந்தை நிறுத்து, விசுவாசம் போதும் என்பவர்களும் இப்படித்தான். அப்போஸ்தலன் பவுல் தன் ஊழியத் துணையான துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாக எழுதுகிறார். தன் சீடன் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு ஒரு கைவைத்தியம் சொல்கிறார். லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்கிறார். இந்த வசனங்களை அந்த மேடைகளில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் கொழும்புப் பெரியாஸ்பத்திரி வார்டுகளில் போய்ப் பாருங்கள்.

இப்போது எதிரணிக்கு வருகிறேன்.

மத்தேயு 18 என்ன சொல்கிறது? உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால், போய்த் தனியே பேசு. எனக்கும் என் சகோதரனுக்கும் இடையில் நடந்ததற்கு அது நல்ல வழி. மண்டபம் நிறையச் சனத்தை வைத்து, மைக் பிடித்துப் போதித்து, அதை யூடியூபிலும் போட்ட ஒருவருக்கும் எனக்கும் நடுவில் என்ன தனிப்பட்ட சண்டை? அந்த அதிகாரத்திலேயே, கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்றுதான் இயேசுவும் முடிக்கிறார். எதிரணித் தலைவர் அந்தக் கடைசிப் படிக்கு வரவில்லை.

ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற விசுவாசத் தம்பதி அப்பொல்லோவைத் தனியே அழைத்து விளக்கினார்கள் என்றார் எதிரணித் தலைவர். உண்மை. ஆனால் அப்பொல்லோ என்ன தவறு செய்தார்? யோவான் ஸ்நானன் கொடுத்த ஞானஸ்நானம் வரைக்கும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. மீதியைச் சொன்னார்கள், ஏற்றுக்கொண்டார். இளம் ஊழியர் ஒருவர் தெரியாமல் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டால் நாங்களும் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, ஆறுதலாகத்தான் பேசுவோம். கவர் அச்சடிப்பவர் அப்பொல்லோ இல்லை.

தனியே பேசிப் பார்க்காமலும் இல்லை. அன்ரியின் விஷயத்தில் மூன்று சபை மூப்பர்கள் போய்க் கதைத்தார்கள். அந்தப் போதகர் அன்பாக வரவேற்றார், ஜெபம் செய்து அனுப்பினார். அடுத்த ஞாயிறு அதே கவர்.

எங்கள் அணியின் ஆதாரம் அந்தியோகியாவில் இருக்கிறது. கலாத்தியர் 2. யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். பவுல் ஏன் அவரைத் தனியே கூப்பிடவில்லை? தன் ஊழியத் தோழன் "பர்னபாவும் இழுப்புண்டான்" என்று பவுலே காரணத்தையும் எழுதுகிறார். ஒருவர் பிழை பலரை இழுத்துவிட்டது. அதனால் எல்லாருக்கும் முன்பாகப் பேசினார். யாரிடம்? ஆண்டவரோடு நடந்த அப்போஸ்தலனிடம்! அதனால் உறவு முறிந்ததா? பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் "நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்" என்றுதான் வருகிறது. வெளிப்படையாகக் கண்டித்தால் சபை உடைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் அந்த வரியைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும்.

"அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே." இதைக் கேட்டுக் கேட்டு எங்கள் சனம் வாயை மூடியே பழகிவிட்டது. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவைத் தொட மறுத்த தாவீது அப்புறம் என்ன செய்தார் என்பதை ஏன் யாரும் சொல்வதில்லை? எங்கேதியின் குகையில் சவுலின் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்தார், உயிரைத் தொடவில்லை. பிறகு வெளியே வந்தார். 3,000 வீரரோடு தன்னைத் தேடி வந்த ராஜாவைக் கூப்பிட்டு, நீர் செய்வது நியாயமா, கர்த்தர் நடுநின்று நியாயம் தீர்க்கட்டும் என்று சத்தமிட்டுக் கேட்டார். கை ஓங்கக் கூடாது என்பது தாவீதுக்குத் தெரியும். கேள்வி கேட்கக் கூடாது என்று அவர் நினைக்கவே இல்லை.

ஜெர்மனியின் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரும் முதலில் கடிதம்தான் எழுதினார். 1517 ஒக்டோபர் 31 அன்று, பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைப் பற்றி மைன்ஸ் பேராயர் அல்பிரெக்ட்டுக்கு மரியாதையாக எழுதி, தன் 95 வாதங்களையும் அனுப்பினார். அந்த விற்பனைப் பணத்தில் பேராயரின் கடனுக்கும் ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது. வாதங்கள் அச்சேறிச் சனத்தின் கைக்குப் போன பிறகுதான் ஐரோப்பா விழித்தது. கத்தோலிக்கச் சகோதரர்களும் இங்கே இருக்கிறீர்கள். 1567இல் பாப்பரசர் ஐந்தாம் பயஸ், காசோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட அந்தப் பாவமன்னிப்புச் சலுகைகளை இரத்துச் செய்தார். வெளியே வந்த கேள்விக்கு உங்கள் திருச்சபையும் பதில் செய்தது. அதை மதிக்கிறேன்.

நாம் சிறுபான்மை, வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா என்று எதிரணித் தலைவர் கேட்டார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. 2019 ஈஸ்டர் ஞாயிறில் தேவாலயங்களில் குண்டு வெடித்ததைப் பார்த்த ஊர் இது. ஆனால் அன்ரியின் தாலிக்கொடி கழுத்தில் இல்லை என்பதை முதலில் கவனித்தவர் பக்கத்து வீட்டு சைவ அம்மா. "உங்கள் பெரியவர்கள் ஒருவரும் இதைக் கேட்க மாட்டார்களா?" என்று என்னிடம் கேட்டவரும் அவர்தான். தெருவுக்கு ஏற்கனவே தெரியும். நாம் பேசாமல் இருப்பதுதான் தெருவுக்கு விளங்கவில்லை.

ஒன்றை மறுக்காமல் சொல்லிவிடுகிறேன். கண்டிப்பதற்கும் ஒழுங்கு உண்டு. மூப்பர் மேல் குற்றச்சாட்டு வந்தால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அவருடைய குடும்பத்தை இழுக்கக் கூடாது, கேள்விப்பட்டதை வைத்துப் பேசக் கூடாது. என்ன போதித்தார், வேதம் என்ன சொல்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும். அதே பவுல் அடுத்த வசனத்தில், பாவம் செய்தவர்களை "எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்" என்கிறார்.

எனக்குப் பிறகு வரும் எதிரணிப் பேச்சாளரிடம் ஒரே கேள்வி. தனியே பேசினீர்கள், அந்தப் போதகரும் அறைக்குள்ளேயே மனந்திரும்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சந்தோஷம். ஆனால் தன் விசுவாசம்தான் குறை என்று நம்பிக்கொண்டிருக்கும் அந்த அன்ரிக்கும், அவரைப் போல அன்றைக்கு மண்டபத்தில் பாஸ்போர்ட்டை உயர்த்திப் பிடித்தவர்களுக்கும், சொன்னது பிழை என்று யார், எந்த மேடையில் சொல்வது? அவர் அதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.